சாவி என் இடுப்பில் இருந்தது

அன்புள்ள மகனுக்கு,

என்னைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி அனுப்பிய கௌசல்யாவை நான் விரட்டிவிட்டேன் என்று எதிர்வீட்டு டீச்சர் உனக்குப் போனில் சொல்லியிருக்கிறார். அவள் என் சங்கிலியை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள் என்று ஏஜென்சிக்காரர் சொல்லியிருக்கிறார். நீ இரண்டையும் நம்பியிருக்கிறாய். விரட்டப்படவும் ஓடிப்போகவும் ஒருத்தியால் எப்படி முடியும் என்று நீ யோசிக்கவில்லை. இரண்டுமே நடக்கவில்லை. அவள் பட்டப்பகலில் தலை வாரிக்கொண்டு, நான் வரவழைத்த ஆட்டோவில், என் பக்கத்தில் உட்கார்ந்து போனாள். சங்கிலி பீரோவில் இருக்கிறது. கொக்கி தளர்ந்துபோனதால் நானே கழற்றி வைக்கச் சொன்னேன்.

வீடியோவில் என் வெறும் கழுத்தைப் பார்த்துவிட்டு, நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏஜென்சியிடம் வாட்ஸ்அப்பில் கேட்டாய்: அம்மா கழுத்தில் சங்கிலியைக் காணோம், என்னவென்று பாருங்கள் என்று. அந்த ஒரு வரியைக் காட்டி அவர்கள் அந்தப் பெண் மேல் போலீஸில் திருட்டுப் புகார் கொடுத்திருக்கிறார்கள். ஒப்பந்தம் உன் பெயரில் இருக்கிறது, செய்தி உன் போனிலிருந்து போயிருக்கிறது. சங்கிலியை ஸ்டேஷனுக்கே எடுத்துப்போய்க் காட்டினேன். "வயசானவங்க, அந்தப் பொண்ணு மேல பாசம், மறைக்கிறாங்க, இது வேற சங்கிலி" என்று ஏஜென்சி ஆள் என் எதிரிலேயே சொன்னான். ஆகவே அவளை இதிலிருந்து விடுவிக்க உன்னால்தான் முடியும். அதற்காகத்தான் எழுதுகிறேன். மற்றதெல்லாம் நீ ஏன் அதைச் செய்ய வேண்டும் என்பதற்கான விளக்கம்.

போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ காரில் இருப்பாய், அல்லது மீட்டிங்குக்கு இரண்டு நிமிஷம் இருக்கும். இதன் நகலை நம் மாதா கோயில் பங்கு மடலுக்கும் கொடுத்திருக்கிறேன். நம் தெருவில் மட்டும் எத்தனை வீட்டில் என்னைப் போல் ஒரு கிழவியோ கிழவரோ, வெளிநாட்டில் ஒரு பிள்ளை, நடுவில் ஒரு ஏஜென்சிப் பெண் என்று இருக்கிறது, உனக்கே தெரியும். பெயர்களை எடுத்துவிட்டேன். கௌசல்யா என்பதும் அவள் பெயர் அல்ல. யாரைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

பக்கவாதம் வந்து என் இடது கையும் காலும் மரத்துப்போனபோது நீ ஓடி வந்தாய். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். லீவு முடிவதற்குள் ஏஜென்சியைப் பிடித்து, ஆளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத்தான் விமானம் ஏறினாய். அன்று அந்த சூப்பர்வைசர் நம் கூடத்தில் உட்கார்ந்து பேசியது நினைவிருக்கிறதா? "மேடம், இந்தப் பொண்ணுங்கள நம்பி வெளிய விடாதீங்க. கேட்டைப் பூட்டி சாவிய நீங்களே வெச்சுக்குங்க. இவ போன் எங்க ஆபீஸ்ல இருக்கும். ஞாயித்துக்கிழமை உங்க போன்ல வீட்டுக்குப் பேசட்டும், ஸ்பீக்கர்ல போட்டு. நீங்க பக்கத்துல இருந்தாப் போதும். லீவு கெடையாது. சொந்தக்காரங்கன்னு யாராவது வந்தா தொறக்காதீங்க, எங்களக் கேளுங்க." நீ என்னைப் பார்த்து, "பரவால்லம்மா, ஸ்ட்ரிக்டா இருக்காங்க" என்றாய். "ஒரு எடத்துலயாவது ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கே" என்றேன் நான். சுவர் ஓரமாக அந்தப் பெண் தன் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளிடம் நம் இருவரில் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. அவளுக்குச் சம்மதமா என்று கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

எனக்கு அந்த விதிகள் ஏன் தப்பாகப் படவில்லை என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். நான் ஐந்தாம் வகுப்பிலிருந்து கான்வென்ட் போர்டிங்கில் வளர்ந்தவள். வீட்டுக்கு எழுதும் கடிதத்தை ஒட்டாமல் சிஸ்டரிடம் கொடுக்க வேண்டும். அவர் படித்துவிட்டுத்தான் தபாலில் போடுவார். ஒருமுறை ரசம் தண்ணீராக இருக்கிறது என்று எழுதிவிட்டேன். சிஸ்டர் கூப்பிட்டு, கோபப்படாமல், வேறு தாளைக் கொடுத்தார். நான் நலம், உணவு நன்றாக இருக்கிறது என்று திருத்தி எழுதினேன். பெட்டியின் சாவி அவரிடம், கைச்செலவுப் பணம் அவரிடம், வெளிக்கதவு எப்போதும் பூட்டு. நான் அங்கே கெட்டுப்போகவில்லை. என் கையெழுத்து, என் ஆங்கிலம், என் நேரம் தவறாமை எல்லாம் அங்கே வந்தவை. அதனால் பூட்டும் கண்காணிப்பும் சேர்ந்தால் ஒழுங்கு என்று என் மண்டையில் பதிந்திருந்தது. உன்னை வளர்த்ததும் அப்படித்தான்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் அப்பா ஏதாவது கேட்பார், அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கேன்ப்பா, சாப்பாடு நல்லா இருக்கு" என்பாள். அவள் முனகுகிறாள் என்று எனக்கு எரிச்சல். "வாயத் தொறந்து தெளிவாச் சொல்லு" என்று திருத்தினேன். மறுவாரம் தெளிவாகச் சொன்னாள்.

வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது, சொல்லியும் இருக்கிறேன். கஞ்சியில் உப்பு, படுக்கை விரிப்பில் சுருக்கம், துவைத்த துண்டை மடிக்கும் விதம் எல்லாவற்றுக்கும் சொன்னேன். அவள் "சரிம்மா" என்பாள். ஒருநாள், "சரிம்மாவைத் தவிர உனக்கு வேற வார்த்தை தெரியாதா?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தெரியும்மா. நீங்க கேக்குறதுக்கெல்லாம் அதுதான் பொருந்துது" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். பிறகு இருவரும் நிறுத்திக்கொண்டோம்.

அவள் அப்பா வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. டிவியில் பூசை முடிந்திருந்தது. கேட்டைத் தட்டும் சத்தம் கேட்டு வாக்கரைப் பிடித்துக்கொண்டு போனேன். கம்பிக்கு வெளியே ஒரு ஆள், கையில் துணிப்பை, கருவாட்டு வாசனை.

"யாருப்பா நீ? என்ன வேணும்?"

"கௌசல்யா அப்பாம்மா. வேதாரண்யம் பக்கமிருந்து வர்றேன். மாதா கோயில் தெருன்னு புள்ள ஒருநா போன்ல சொல்லிச்சு. வீடு வீடாக் கேட்டுக்கிட்டே வந்தேன்."

"இன்னைக்குத்தான் பேசற நாளாச்சே, போன்ல பேசக் கூடாதா?"

"போன்ல நல்லா இருக்கேன்னு மட்டுந்தாம்மா சொல்லுது. வேற பேசவே மாட்டேங்குது. அதாம்மா அவ அம்மாவுக்குப் பயம். கூட்டிக்கிட்டுப் போக வரல. மூஞ்சியப் பாத்துட்டுப் போயிடறேன்."

"இரு" என்று சொல்லிவிட்டு, வாக்கரில் மாட்டியிருந்த போனை எடுத்து சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். "தொறக்காதீங்க மேடம். அப்பன்னு சொல்லிக்கிட்டு எவனெவனோ வருவான். தொறந்தீங்கன்னா அப்புறம் நாங்க பொறுப்பில்ல" என்றான். நான் "சரி" என்றேன்.

நடையில் கௌசல்யா நின்றிருந்தாள். எனக்குக் காலில் தேய்த்துவிட எடுத்த எண்ணெய்க் கிண்ணம் கையில் அப்படியே இருந்தது. "இவர் உன் அப்பாதானா?" என்று கேட்டேன். "ஆமாம்மா." "அப்ப ஏன் அங்கயே நிக்கிற?" "சூப்பர்வைசர் சார் திட்டுவாரும்மா." அழவில்லை. அப்பாவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், பஸ்ஸில் போகிறவர்களைப் பார்த்து ஆட்டுவது போல.

இந்த வீட்டை உன் அப்பா கட்டியபோது அந்த கேட்டு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று மேஸ்திரியோடு சண்டை போட்டவள் நான். யாரை உள்ளே விடலாம் என்று உன் அப்பாவைக்கூட நான் கேட்டதில்லை. மாமனாரைக் கேட்டதில்லை. அன்று எவனோ ஒருவன் திறக்காதே என்றான், நான் சரி என்றேன். என் குரலில் அந்தச் சரி எனக்கே கேட்டது. கௌசல்யா சொல்லும் அதே சரி. இரக்கப்பட்டுத் திறந்தேன் என்று நீ யாரிடமும் சொல்லாதே. ரோஷத்தில் திறந்தேன். உண்மை அதுதான்.

திறக்கவும் என்னால் முடியவில்லை. சாவி இடுப்பில், இடது பக்கம், புடவைக்குள் நாடாவில் முடிச்சுப் போட்டிருந்தது. வலது கை அங்கே எட்டும், ஆனால் ஒரு கையால் முடிச்சை அவிழ்க்க முடியாது. "வந்து அவுத்துவிடு" என்றேன். கௌசல்யா எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பார்க்காமலே, ஒரே இழுப்பில் அவிழ்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தினமும் காலையில் என்னைக் குளிப்பாட்டி, புடவை கட்டிவிட்டு, அந்தச் சாவியை அங்கே கட்டுவது அவள்தான். நான் குளிக்கும்போது அது அவள் கையில்தான் இருக்கும். அவளைப் பூட்டிய சாவியை ஒவ்வொரு நாளும் அவளே என் இடுப்பில் கட்டிவிட்டிருக்கிறாள். நானும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"உள்ள வாங்க" என்று அவள் அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து, தரையில் உட்காரப் போனார். நாற்காலியைக் காட்டினேன். மகளைப் பார்த்தார். "எளச்சிட்டியே" என்றார். "இல்லப்பா, இந்தச் சுடிதார் லூஸு" என்றாள் அவள். பிறகு நான்தான் கேட்டேன், சாவி கையிலேயே இருந்ததே, ஏன் நீ ஒருநாளும் போகவில்லை என்று.

"எங்கம்மா போறது? சர்டிபிகேட் எல்லாம் அவங்ககிட்ட இருக்கு. அப்பா அட்வான்ஸ் வாங்கிக் கையெழுத்துப் போட்டிருக்காரு. ஓடினா திருட்டு கேஸ் போடுவோம்னு மொத நாளே சொல்லிட்டாங்க. நான் முன்ன இருந்த வீட்டுல ஒரு அக்கா ஓடிப் போனாங்க, அவங்க மேல கேஸ் போட்டாங்க."

மீதியை அவளும் அவரும் மாறி மாறிச் சொன்னார்கள். புயலில் தென்னை எல்லாம் விழுந்த பிறகு ஊருக்கு ஒரு ஆள் வந்திருக்கிறான். ஆஸ்பத்திரியில் பயிற்சி, சென்னையில் வேலை என்று சொல்லி, பிளஸ் டூ படித்த பெண்களாகப் பார்த்து எடுத்திருக்கிறான். மார்க் ஷீட்டை வெரிபிகேஷனுக்கு என்று வாங்கியவர்கள் திருப்பித் தரவில்லை. பயிற்சி என்பது யாரையோ தூக்கி உட்காரவைக்கக் காட்டிக்கொடுத்ததோடு சரி. சம்பளம் அட்வான்ஸுக்கும் சீருடைக்கும் சாப்பாட்டுக்கும் கழிகிறது என்று சொல்வார்களாம். வீட்டுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. மாதம் தவறாமல் நீ அனுப்பியது எங்கே போனது என்று நீதான் அவர்களைக் கேட்க வேண்டும். சாப்பாடு நம் வீட்டில் நாம் போட்டது. அதற்கும் அவள் கணக்கில் கழித்திருக்கிறார்கள்.

கான்வென்டில் என்னையும்தான் பூட்டினார்கள், உண்மை. ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிறு என் அப்பா வருவார். சிஸ்டர் அவரைப் பார்வையாளர் அறையில் உட்காரவைத்து காபி கொடுப்பார். அவர் வேண்டாம் என்றால் அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு என்னைக் கூட்டிப்போயிருக்கலாம். கூட்டிப்போகவில்லை, அது வேறு. கூட்டிப்போக முடியும் என்பது எனக்கும் தெரியும், சிஸ்டருக்கும் தெரியும். இவள் அப்பா கேட்டுக்கு வெளியே நின்று, கூட்டிக்கிட்டுப் போக வரலம்மா என்று முதலிலேயே சொல்லிவிட்டார், அந்த உரிமை தனக்கு இல்லை என்பதுபோல. இந்த ஒரு வித்தியாசம் எனக்கு இத்தனை வயதில் புரிய வேண்டியிருந்தது.

உனக்கு இது எனக்கு முன்பே புரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவுக்கு முன்னால் நீ வளைகுடாவில் இருந்தாய். உன் அப்பாவுக்கு நெஞ்சு ஆபரேஷன் என்றபோது உன்னால் வர முடியவில்லை. உன் பாஸ்போர்ட் கம்பெனி பெட்டகத்தில் இருந்தது, முதலாளி ஊரில் இல்லை. அப்போது நீ போனில் என்ன சொன்னாய்? "நான் நல்லா இருக்கேம்மா, கவலப்படாதீங்க." உனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று உன் அப்பா சொன்னார். நான் அதை நம்பவில்லை. உன் பாஸ்போர்ட்டை வைத்திருந்தவன் மேல் நமக்கு வந்த ஆத்திரம், அவள் சர்டிபிகேட்டை வைத்திருப்பவன் மேல் ஏன் வரவில்லை? அவனுக்கு நாம் மாதச் சந்தாவும் கட்டினோம்.

அன்று இரவு அவள் அப்பா முன்னறையில் படுத்துக்கொண்டார். கேட்டைப் பூட்டவில்லை. பங்குச் சாமிக்குப் போன் செய்தேன். அவர் தெரிந்த ஒரு வக்கீலைக் கேட்டுவிட்டு, இதற்குக் கோட்டாட்சியர் ஆபீஸில்தான் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். மறுநாள் மூவரும் ஆட்டோவில் போனோம். எதிர்வீட்டு டீச்சர் வாசலில் நின்று, "என்னங்க, நர்ஸ் உங்கள கூட்டிக்கிட்டுப் போறாளா, நீங்க நர்ஸ கூட்டிக்கிட்டுப் போறீங்களா?" என்றார். பதில் சொல்லாமல் போனேன். அந்தக் கோபத்தில்தான் உனக்குப் போன் செய்திருக்கிறார்.

ஆபீஸர் சின்ன வயதுப் பெண். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இது கொத்தடிமைச் சட்டத்தில் வரும் என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு முகம் கோணியது. அது செங்கல் சூளைக்காரர்களுக்கான வார்த்தை, அரிசி ஆலைக்காரர்களுக்கான வார்த்தை. நம் வலங்கைமான் நிலத்தில் உன் தாத்தா காலத்தில் பண்ணையாட்கள் இருந்தார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் அதைப் பற்றி நான் கேட்டபோது, "அவங்களுக்கு இங்க என்ன கொறை?" என்றார் மாமனார். படித்த மருமகள் என்ற திமிரில் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். கௌசல்யாவைப் பற்றி எதிர்வீட்டு டீச்சர் கேட்டபோது நான் சொன்னதும் அதேதான். இவளுக்கு இங்கே என்ன குறை?

கிளார்க் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்தார். "கேட்டைப் பூட்டினது யாரும்மா? ஏஜென்சி பூட்டுச்சுன்னு போட்டுக்கலாமா?" என்று கேட்டார். என் வயதுக்கும் புடவைக்கும் மரியாதை கொடுத்து ஒரு வழி விட்டார் என்று புரிந்தது. "பூட்டச் சொன்னது அவங்க. பூட்டினது நான். அப்படியே எழுதுங்க" என்றேன். அவர் ஆபீஸரைப் பார்த்தார். ஆபீஸர் என்னைப் பார்த்தார். கௌசல்யா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதினார்கள். கையெழுத்துப் போட்டேன். அழுகையோ வெட்கமோ வரும் என்று எதிர்பார்த்தேன், எதுவும் வரவில்லை. இடது கையில் ஊசி குத்தினால் எப்படியோ அப்படி இருந்தது. இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது. சாமி இதற்கு ஏதோ ஆறுதல் சொன்னார், சரியாகக் காதில் விழவில்லை.

அவளை அங்கிருந்தே அப்பாவோடு ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். விசாரணை நடக்கிறது. முடிந்தால் விடுதலைச் சான்று கொடுப்பார்களாம். அட்வான்ஸ் செல்லாது என்றாகும், மார்க் ஷீட்டை வாங்கித் தருவார்கள். அவள் நர்ஸிங் சேர வேண்டும் என்கிறாள், நிஜமான நர்ஸிங். ஆனால் ஏஜென்சிக்காரர் இப்போது புதிதாகச் சொல்வது, திருடிவிட்டு மாட்டிக்கொள்ளாமல் இருக்க அவள் இந்தக் கதையைக் கட்டினாள் என்பது. அதற்கு அவர்களிடம் இருக்கும் ஒரே சாட்சி நீ.

நீ போன வாரம் என்ன சொன்னாய்? "அம்மா, இந்த வம்பெல்லாம் நமக்கு வேண்டாம். நான் வேற ஏஜென்சி பாக்குறேன்." பார்க்காதே. பக்கத்தில் வலங்கைமானிலிருந்து ஒரு அம்மாள் காலை பஸ்ஸில் வந்து சாயங்காலம் போகிறார். வேலைக்குப் பேசும்போது அவரைத் தனியாக உட்காரவைத்து, அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். ஞாயிறு வர மாட்டேன் என்றார், சரி என்றேன். சம்பளம் அவர் கணக்குக்கே போகிறது. அவர் போன் அவர் பையில் அடிக்கிறது, வேலை நடுவில் பேசவும் பேசுகிறார், எனக்குப் பிடிக்கவில்லை, பேசட்டும். துண்டை ஒழுங்காக மடிப்பதில்லை. இரவில் தனியாகத்தான் இருக்கிறேன். தலைமாட்டில் மணி இருக்கிறது, அடித்தால் எதிர்வீட்டு டீச்சர் வருவார், திட்டிக்கொண்டே வருவார். இதில் ஆபத்து இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் விழலாம். விழுந்தால் அதற்கு அந்த அம்மாளைக் குற்றம் சொல்லாதே. உன் நண்பர்கள் யாராவது அப்பா அம்மாவுக்கு ஆள் வைக்கும்போது, ஏஜென்சிக்காரன் எதிரில் இல்லாமல் அந்தப் பெண்ணிடம் ஒருமுறை பேசச் சொல். உன் சர்டிபிகேட் யாரிடம் இருக்கிறது, உன் சம்பளம் யார் கைக்கு வருகிறது என்று கேட்கச் சொல். பதில் சொல்லும் முன் அவள் யார் முகத்தைப் பார்க்கிறாள் என்று கவனிக்கச் சொல். நான் ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்து அதைத்தான் வாரா வாரம் பார்த்தேன். பார்த்தும் குரல் தெளிவாக இல்லை என்று திருத்தினேன்.

இனி நீ செய்ய வேண்டியது. ஒரு வெள்ளைத் தாளில், உன் கையெழுத்தில், தமிழில் எழுது. அம்மாவின் சங்கிலி தொலையவில்லை. நான் யார் மேலும் திருட்டுப் புகார் கொடுக்கவில்லை, கொடுக்கச் சொல்லவும் இல்லை. அந்த வாட்ஸ்அப் செய்தியை அம்மாவைக் கேட்காமல் அனுப்பினேன். அவளுடைய சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், நான் கட்டிய பணத்தில் அவளுக்கு என்ன கொடுத்தார்கள் என்று தெரிய வேண்டும். இவ்வளவு போதும். விளக்கம் வேண்டாம், அலங்காரம் வேண்டாம். கீழே முழுப் பெயரும் கையொப்பமும் போடு. படம் எடுத்து இன்றைக்கே எனக்கு அனுப்பிவிட்டு, மூலத்தைக் கூரியரில் போடு. அடுத்த விசாரணைக்கு நானே எடுத்துக்கொண்டு போகிறேன்.

போன் செய்யாதே. எழுதி அனுப்பு.

அம்மா